நியாய வணிக முத்திரைகளைப் படிக்கும் விதம்

திருப்பூரில் தைத்த ஒரு டி-ஷர்ட்டை எடுத்துக்கொள்வோம். கழுத்துப் பட்டையில் ‘100% ஆர்கானிக் காட்டன்’ என்று போட்டிருக்கிறது. இந்த வாசகம் பருத்திக் காட்டைப் பற்றி மட்டும் பேசுகிறது. அங்கே ரசாயன உரமும் பூச்சிமருந்தும் போடவில்லை என்கிறது. அந்தப் பஞ்சு ஜின்னிங் மில்லுக்குப் போய், நூற்பாலையில் நூலாகி, நிட்டிங்கில் துணியாகி, சாயப்பட்டறையில் நிறமேறி, கட்டிங், பவர் டேபிளில் தையல், செக்கிங், அயர்ன் என்று பல கை மாறிய பிறகுதான் பெட்டிக்குள் போனது. நூற்பாலையில் ஷிஃப்ட் எத்தனை மணி நேரம், சாயத் தண்ணீர் எங்கே போனது, தைத்தவருக்குப் பீஸ் ரேட் எவ்வளவு என்பதற்கெல்லாம் அந்தப் பட்டையில் பதில் கிடையாது. பொய் என்று சொல்லிவிட முடியாது. சொல்ல வந்ததை மட்டும் சொல்லிவிட்டு மற்றதில் வாயை மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

எல்லா முத்திரைகளும் இப்படித்தான். ஒரு பொருள் நம் கைக்கு வரும் சங்கிலியில் ஏதோ ஒன்றிரண்டு கண்ணிகளைப் பற்றி மட்டும் அவை பேசும். எந்தக் கண்ணி, அதில் எதைப் பற்றி, யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்கப் பழகிவிட்டால், கடையில் தொங்கும் நூறு வகைப் பச்சை இலைப் படங்களில் குழம்ப வேண்டியதில்லை.

‘நியாய விலை’ என்பது எவ்வளவு?

நம்மூரில் நியாய விலைக் கடை என்றால் ரேஷன் கடை. அங்கே நியாயம் வாங்குகிறவருக்கு. ஃபேர்ட்ரேட் என்கிற நியாய வணிகத்தில் நியாயம் விளைவிக்கிறவருக்கு. இந்த வேறுபாட்டை முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் முத்திரை இருக்கும் பொருள் மலிவாகக் கிடைக்கும் என்று அது எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

தொடக்கம் 1988. மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் சிறு விவசாயிகள் கூட்டுறவாக விளைவித்த காப்பியை நெதர்லாந்தின் சாதாரணக் கடைகளில் விற்பதற்காக ‘மாக்ஸ் ஹாவலார்’ என்ற முத்திரை வந்தது. அதற்கு முன்பும் இப்படிப்பட்ட பொருட்கள் விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஆனால் அவை தேவாலயங்களிலும் தொண்டு அமைப்புகள் நடத்திய சிறு கடைகளிலும் கிடைத்தன. முத்திரை வந்ததும் எந்த கம்பெனியின் பாக்கெட்டிலும் அதை ஒட்ட முடிந்தது. பல நாடுகளில் தனித்தனியாகக் கிளம்பிய இத்தகைய அமைப்புகள் 1997-இல் ஜெர்மனியின் பான் நகரில் ஒரே குடையின் கீழ் வந்தன. இன்று நாம் பார்க்கும் முத்திரை, கருப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாகக் கையை உயர்த்தி நிற்கும் உருவம், 2002-இல் வந்தது.

இதில் இரண்டு பணம் உண்டு. ஒன்று குறைந்தபட்ச விலை, இன்னொன்று அதற்கு மேல் தரும் பிரீமியம். காப்பியை வைத்துப் பார்த்தால் தெளிவாகப் புரியும். கழுவிப் பதப்படுத்திய அரபிகா வகைக் காப்பிக்கு 2023 ஆகஸ்டிலிருந்து குறைந்தபட்ச விலை ஒரு பவுண்டு எடைக்கு, அதாவது சுமார் 454 கிராமுக்கு, 1.80 டாலர். அதற்கு முன் 2011-இலிருந்து 1.40 டாலராக இருந்தது. பிரீமியம் பவுண்டுக்கு 20 சென்ட். ஆர்கானிக் என்றால் இவற்றுக்கு மேல் தனித் தொகை. ரொபஸ்டா வகைக்கு வேறு விலை.

நியூயார்க் சந்தையில் காப்பி 1.20 டாலருக்கு விற்கிறது என்று வையுங்கள். முத்திரைக் கணக்கில் வாங்குகிறவர் 1.20 கொடுத்துவிட்டுப் போக முடியாது, 1.80-உம் பிரீமியம் 0.20-உம் சேர்த்து 2 டாலர் தர வேண்டும். சந்தை 3 டாலருக்கு ஏறினால்? அப்போது 3 டாலரும் 20 சென்டும். குறைந்தபட்ச விலைக்கு அப்போது வேலையில்லை. 2025 பிப்ரவரியில் சந்தை விலை 4 டாலரைத் தாண்டியது. அந்தச் சமயத்தில் முத்திரை விவசாயிக்குக் கூடுதலாகத் தந்தது பிரீமியத்தை மட்டும்தான். சந்தை விழும்போது தாங்கிப் பிடிக்கும் கயிறு இது. 2019 வாக்கில் விலை ஒரு டாலருக்குக் கீழே இறங்கியபோது அந்தக் கயிறு எவ்வளவு பெரிதென்று தெரிந்தது.

இப்போது இதை உங்கள் சமையலறைக்குக் கொண்டுவருவோம். சிக்கரி கலக்காத 250 கிராம் காப்பித் தூளுக்குக் கிட்டத்தட்ட 300 கிராம் பச்சைக் கொட்டை வேண்டும், வறுக்கும்போது எடை குறைவதால். 300 கிராம் என்பது 0.66 பவுண்டு. அதற்குப் பிரீமியம் 13 சென்ட், ரூபாயில் பத்துப் பன்னிரண்டு. சந்தை 1.20-இல் கிடந்தால் குறைந்தபட்ச விலையால் இன்னொரு 40 சென்ட் சேரும். தேயிலையும் இதே அளவுதான்: கிலோவுக்கு அரை டாலர் பிரீமியம், 250 கிராம் பாக்கெட்டுக்கு 12 சென்ட் சொச்சம். ஆகவே முத்திரை இருக்கிறது என்பதற்காக ஒரு பாக்கெட் 200 ரூபாய் கூடுதலாக விற்றால், அந்த 200 தோட்டத்துக்குப் போகவில்லை. பேக்கிங், பிராண்ட், கடை வாடகை, கடைக்காரர் லாபம் என்று வழியிலேயே நின்றுவிட்டது. இது தப்பு என்று சொல்ல வரவில்லை. விலை வித்தியாசத்தைப் பார்த்து ‘இவ்வளவும் விவசாயிக்கு’ என்று கணக்குப் போடக் கூடாது.

இன்னொரு விஷயம்: இந்த விலை கப்பலேறும் துறைமுகத்தில் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கிடைக்கும் விலை, விவசாயியின் கையில் விழும் விலை அல்ல. சங்கம் அதில் பதப்படுத்தும் செலவு, லாரி வாடகை, அலுவலகச் செலவு, பழைய கடன் எல்லாம் கழித்துக்கொண்டுதான் உறுப்பினருக்குத் தரும். நன்றாக நடக்கும் சங்கத்தில் இருக்கிற விவசாயிக்கும் தள்ளாடும் சங்கத்தில் இருக்கிற விவசாயிக்கும் ஒரே முத்திரையில் வேறு வேறு பணம் கிடைப்பது இதனால்தான்.

பிரீமியம் தனி ஆளுக்குப் போவதில்லை. அது ஒரு பொதுக் கணக்கில் சேரும். எதற்குச் செலவழிப்பது என்று உறுப்பினர்கள் கூடி ஓட்டுப்போட்டு முடிவு செய்வார்கள். கிணறு, பள்ளிக் கட்டடம், காய வைக்கும் களம், சில இடங்களில் ரொக்கமாகப் பகிர்வு. தேயிலை, வாழை, பூ போன்றவற்றில் பெரிய தோட்டங்களும் சான்று பெறலாம். அங்கே தொழிலாளர்கள் தேர்ந்தெடுத்த குழுவிடம் பிரீமியம் போகும். நிர்வாகம் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள முடியாது. காப்பியிலும் கோகோவிலும் பெருந்தோட்டங்களுக்கு இடமில்லை, சிறு விவசாயிகள் சங்கம் மட்டும்.

எங்கே கோளாறு வருகிறது? சான்று பெற்ற தோட்டம் தன் விளைச்சல் முழுவதையும் ஃபேர்ட்ரேட் கணக்கில் விற்பதில்லை. வாங்க ஆள் வேண்டும். தேயிலையில் பெரும்பாலான தோட்டங்கள் ஒரு சிறு பங்கைத்தான் அந்தக் கணக்கில் விற்கின்றன. மிச்சம் சாதாரண ஏலத்துக்குப் போகிறது. பிரீமியம் விற்ற பங்குக்கு மட்டுமே வரும். ஆனால் தணிக்கைச் செலவும் விதிகளைக் கடைப்பிடிக்கும் செலவும் தோட்டம் முழுமைக்கும். ஒரு தோட்டம் சான்று பெற்றிருக்கிறது என்ற பலகையைப் பார்த்து அங்கே வேலை செய்பவர்கள் வாழ்வுக்குப் போதுமான கூலி வாங்குகிறார்கள் என்று முடிவுகட்ட முடியாது. குறைந்தபட்சக் கூலி என்பது சட்டம் சொல்வது. வாழ்வூதியம் என்பது ஒரு குடும்பம் சாப்பாடு, வாடகை, படிப்பு, வைத்தியம் பார்த்துக் கொஞ்சம் மிச்சம் பிடிக்க ஆகும் தொகை. இரண்டுக்கும் இடையே பல ஊர்களில் பெரிய பள்ளம். முத்திரை அந்தப் பள்ளத்தை நோக்கி நகரச் சொல்கிறது, மூடிவிட்டதாகச் சொல்லவில்லை.

முத்திரை ஓரத்தில் ஒரு அம்புக்குறி

சாக்லேட்டில் ஃபேர்ட்ரேட் முத்திரைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்பு இருக்கும். வாழைப்பழத்தில் இருக்காது. ‘பின்பக்கம் திருப்பிப் படி’ என்பதுதான் அந்த அம்பின் பொருள். பொருளில் பல கலவைகள் இருக்கலாம், அல்லது ‘மாஸ் பேலன்ஸ்’ முறையில் வந்திருக்கலாம்.

மாஸ் பேலன்ஸைப் புரிந்துகொள்ள ஊர்ப் பால் சொசைட்டி போதும். உங்கள் மாட்டுப் பாலும் பக்கத்து வீட்டு மாட்டுப் பாலும் ஒரே கேனில்தான் ஊற்றப்படும். ஆனால் நோட்டில் உங்கள் பெயருக்கு நேரே எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கும், பணம் அதன்படி வரும். கோகோ, சர்க்கரை, தேயிலை, பழச்சாறு இந்த நான்கிலும் ஃபேர்ட்ரேட் இதை அனுமதிக்கிறது. ஆலை 100 டன் சான்று பெற்ற கோகோ வாங்கினால், அதற்கு ஈடான அளவுக்கு மட்டும் முத்திரையோடு விற்கலாம். ஆனால் உங்கள் கையில் இருக்கும் சாக்லேட்டில் உள்ள கோகோ அந்த விவசாயியின் கோகோவாக இருக்கும் என்று உறுதியில்லை. இதில் ஏமாற்று இல்லை. பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகிறது. தனிக் கிடங்கு, தனி எந்திரம் என்று கட்டாயப்படுத்தினால் சிறிய சங்கங்களிடம் வாங்க எந்த ஆலையும் முன்வராது. காப்பியும் வாழையும் இப்படிக் கலக்கப்படுவதில்லை, தோட்டம் வரை தடம் பிடிக்கலாம்.

பல கலவைகள் உள்ள பொருளில் ஃபேர்ட்ரேட்டாகக் கிடைக்கக்கூடிய எல்லாமே அப்படித்தான் இருக்க வேண்டும். மொத்தத்தில் அவை 20 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பிஸ்கட்டில் மைதாவும் வெண்ணெயும் இந்தக் கணக்கிலேயே வராது. வெள்ளைப் பின்னணியில் அதே உருவமும் பக்கத்தில் ‘கோகோ’ என்றோ ‘பருத்தி’ என்றோ ஒரு பெயரும் இருந்தால், அந்த ஒரே ஒரு மூலப்பொருள் மட்டும் நியாய வணிகத்தில் வாங்கப்பட்டது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதிய ‘ஃபேர்ட்ரேட்’ வேறு, இரு சொல்லாகப் பிரித்து எழுதிய ‘ஃபேர் ட்ரேட் சர்ட்டிஃபைடு’ வேறு. அமெரிக்க அமைப்பு 2011 முடிவில் சர்வதேச அமைப்பிலிருந்து பிரிந்துபோனது. காப்பியில் பெருந்தோட்டங்களையும் சேர்க்க வேண்டும் என்பது பிரிவுக்கு முக்கியக் காரணம். இப்போது அங்கே இரண்டு முத்திரைகளும் கிடைக்கின்றன. லண்டன் பக்கம் 2017-இல் ஒரு பெரிய சூப்பர்மார்க்கெட், செயின்ஸ்பரிஸ், தன் சொந்தத் தேயிலையிலிருந்து ஃபேர்ட்ரேட் முத்திரையை எடுத்துவிட்டு ‘ஃபேர்லி ட்ரேடட்’ என்று தானே ஒரு பெயர் வைத்தது. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். ஆனால் பிரீமியத்தை எப்படிச் செலவழிப்பது என்ற முடிவு விவசாயிகளின் கையை விட்டு லண்டனில் உட்கார்ந்திருக்கும் குழுவின் பக்கம் போவதாகச் சொல்லி ஆப்பிரிக்கத் தேயிலை விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஒரு எழுத்து மாறினாலும் நிறுத்திப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

பச்சைத் தவளைப் படம் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸுடையது. 2018-இல் உட்ஸ் என்ற இன்னொரு அமைப்பு இதோடு சேர்ந்துகொண்டது. காடு, தண்ணீர், பூச்சிமருந்து, தொழிலாளர் பாதுகாப்பு இவற்றில் தோட்டம் எப்படி நடக்கிறது என்று பார்ப்பதுதான் இதன் வேலை. குறைந்தபட்ச விலை என்று ஒன்றை இது நிர்ணயிப்பதில்லை. கூடுதல் தொகை உண்டு, ஆனால் சிறியது. கோகோவுக்கு டன்னுக்குக் குறைந்தது 70 டாலர், ஃபேர்ட்ரேட்டில் அதே டன்னுக்கு 240. நீலகிரித் தூள் பாக்கெட்டுகளில் தென்படும் ‘டிரஸ்டீ’ முத்திரை இந்தியச் சந்தைக்காக 2013-இல் தொடங்கியது. பச்சைத் தேயிலைக்கு என்ன விலை தர வேண்டும் என்று அதுவும் சொல்லாது. இலங்கைத் தேயிலையில் வாளேந்திய சிங்கம் இருந்தால், உள்ளே இருப்பது முழுக்க இலங்கைத் தேயிலை, அங்கேயே பேக் செய்தது என்று பொருள். மலையகத்தில் கொழுந்து பறித்தவரின் நாட்கூலி பற்றி அந்தச் சிங்கம் வாய் திறப்பதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்கு இருக்கும் புவிசார் குறியீடும் இதே ரகம்: ஊரைச் சொல்லும், கூலியைச் சொல்லாது.

பருத்தித் துணியில் கவனிக்க வேண்டியவை

துணி விஷயத்தில் சங்கிலி நீளம் என்பதால் முத்திரைகளும் அதிகம், குழப்பமும் அதிகம்.

ஃபேர்ட்ரேட் பருத்தி முத்திரை பருத்தி விவசாயியைப் பற்றியது. தைத்தவரைப் பற்றியது அல்ல. ‘ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100’ என்பது முடிந்த துணியை ஆய்வகத்தில் சோதித்து, தோலுக்குக் கெடுதல் செய்யும் ரசாயனங்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று சொல்வது. மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கான துணிக்குத்தான் அதில் மிகக் கடுமையான வரம்பு. பிறந்த குழந்தைக்குத் துணி வாங்கும்போது பயனுள்ள முத்திரை. பருத்தி இயற்கை முறையில் விளைந்ததா, தையல்காரருக்கு ஓவர்டைம் கொடுத்தார்களா என்பதெல்லாம் அதன் எல்லைக்கு வெளியே.

காட்ஸ் (GOTS) என்கிற, ஆர்கானிக் துணிக்கான சர்வதேச முத்திரைதான் கண்ணிகளில் அதிகமானவற்றைத் தொடுகிறது. வெள்ளைச் சட்டை வரைந்த பச்சை வட்டம். ‘ஆர்கானிக்’ என்று மட்டும் போட்டிருந்தால் குறைந்தது 95 சதவீதம் ஆர்கானிக் நார். ‘இத்தனை சதவீதம் ஆர்கானிக் கொண்டு செய்தது’ என்றிருந்தால் குறைந்தது 70. ஜின்னிங் முதல் தையல் வரை ஒவ்வொரு யூனிட்டும் தனித்தனியே தணிக்கைக்கு உட்பட வேண்டும். எந்தச் சாயம், கழிவுநீரைச் சுத்திகரிக்கிறார்களா, குழந்தைத் தொழிலாளர் உண்டா என்றெல்லாம் பார்க்கிறார்கள். சாயக் கண்ணி எவ்வளவு முக்கியம் என்று நொய்யல் கரையில் இருப்பவர்களிடம் விளக்க வேண்டியதில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சாயக் கழிவு கலந்த அந்த ஆற்றுக்காகத்தான். ஆர்கானிக் பருத்தியையும் அதே தண்ணீரில் சாயமேற்ற முடியும் என்பதை நினைவில் வைத்தால், வெறும் ‘ஆர்கானிக் காட்டன்’ என்ற வாசகத்துக்கும் காட்ஸ் முத்திரைக்கும் உள்ள தூரம் தெரியும்.

இங்கே வியாபாரத்தில் இருப்பவர்களே சறுக்கும் ஒரு இடம் உண்டு. காட்ஸில் இரண்டு விதமான காகிதம். ‘ஸ்கோப் சர்ட்டிஃபிகேட்’, பேச்சில் எஸ்.சி., இந்த கம்பெனி ஆர்கானிக் துணி செய்யத் தகுதி பெற்றது என்று சொல்லும். ஒரு வருடத்துக்குச் செல்லும். ‘டிரான்சாக்ஷன் சர்ட்டிஃபிகேட்’, அதாவது டி.சி., இன்ன தேதியில் இன்னாருக்குப் போன இத்தனை கிலோ சரக்கு ஆர்கானிக் என்று சொல்லும். எஸ்.சி. டிரைவிங் லைசென்ஸ் மாதிரி, டி.சி. பயண டிக்கெட் மாதிரி. ஒரே கம்பெனி காலையில் ஆர்கானிக்கும் மாலையில் சாதாரணப் பருத்தியும் ஓட்டலாம். எஸ்.சி.யை மட்டும் சுவரில் மாட்டிக் காட்டி ‘எங்கள் துணி எல்லாம் காட்ஸ்’ என்று ஒருவர் சொன்னால், டி.சி. இருக்கிறதா என்று கேளுங்கள். சில்லறைக்கு வாங்குபவர்களுக்கு டி.சி. காட்டமாட்டார்கள், மொத்தமாக வாங்கி பிராண்ட் நடத்துகிறவர்கள் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

அந்தக் காகிதத்தையே போலியாகச் செய்தவர்களும் உண்டு. 2020 அக்டோபரில் காட்ஸ் அமைப்பு தன் விசாரணை முடிவை வெளியிட்டது: இந்தியாவில் 20,000 டன் பருத்தி போலி டி.சி.களை வைத்து ஆர்கானிக் என்று கைமாறியிருந்தது. காகிதத்தில் இருந்த கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அரசு இணையதளம் போலவே இருக்கும் ஒரு போலித் தளத்துக்குப் போய், ‘சரியான சான்று’ என்று அது பதில் சொன்னது. 11 நிறுவனங்களைத் தடை செய்தார்கள். ஆகவே பொருளில் இருக்கும் கியூஆரை ஸ்கேன் செய்து திருப்திப்படாதீர்கள். முத்திரை கொடுத்த அமைப்பின் தளத்தை நீங்களே தேடித் திறந்து, லைசென்ஸ் எண்ணை நீங்களே தட்டச்சு செய்து பாருங்கள்.

தணிக்கை பற்றியும் ஒரு வார்த்தை. எஸ்ஏ 8000 என்பது தொழிற்சாலைக்கான சான்று. வாரம் 48 மணி நேரம், ஓவர்டைம் 12 மணி நேரத்துக்குள், வாழ்வூதியம், சங்கம் அமைக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. அது தொழிற்சாலைக்கு மட்டுமானது, சட்டையில் முத்திரையாக ஒட்டக் கூடாது. ஸ்மெட்டா, பிஎஸ்சிஐ இரண்டும் சான்றே அல்ல, தணிக்கை அறிக்கைகள். எல்லாவற்றிலும் ஒரு பலவீனம்: தணிக்கைக் கட்டணத்தைப் பெரும்பாலும் தணிக்கை செய்யப்படும் கம்பெனியே கட்டுகிறது. வருகிற தேதி முன்கூட்டியே தெரிந்தால் அன்றைக்குத் தரை பளபளக்கும். ஆர்டர் குவிந்தால் வெளியே ஜாப் ஒர்க்குக்குப் போகும் துணியை ஆடிட்டர் பார்ப்பதேயில்லை. கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆலை 2012 ஆகஸ்டில் எஸ்ஏ 8000 சான்று வாங்கியது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்து 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மறு வருடம் ஏப்ரல் 24, டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இருந்த சில யூனிட்டுகளும் சமூகத் தணிக்கை முடித்தவைதான். தூண் தாங்குமா என்பது அந்தத் தணிக்கையின் கேள்வித்தாளில் இல்லை.

இதனால்தான் தொழிற்சங்கமும் கம்பெனிகளும் போடும் ஒப்பந்தங்களை இந்தத் துறையில் பலர் முத்திரையைவிட உயர்வாக மதிக்கிறார்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு கார்மெண்ட்ஸ் ஆலையில் வேலை செய்த தலித் பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டார். அதன் பிறகு நடந்த போராட்டத்தின் முடிவில், 2022 ஏப்ரலில் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியனும் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு பிராண்டும் கையெழுத்திட்ட, பெண் தொழிலாளர்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்கான திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்று தொழிற்சங்கம் பயிற்சி கொடுத்த கண்காணிப்பாளர்கள் ஷாப் ஃப்ளோரிலேயே இருப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் ஆடிட்டருக்குத் தெரியாதது பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். இந்த ஒப்பந்தத்துக்குக் கடையில் பார்க்கிற மாதிரி முத்திரை எதுவும் கிடையாது என்பதுதான் வாங்குகிறவருக்கு உள்ள சங்கடம்.

அரிசி, சோப்பு, கேரி பேக்

இந்தியாவில் பாக்கெட் உணவை ‘ஆர்கானிக்’ என்று விற்க 2017 முதல் தனி ஒழுங்குமுறை இருக்கிறது. முன்பக்கம் ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைத் தேடுங்கள். அதோடு இரண்டில் ஒரு முறைக்கான குறி இருக்கும். ஒன்று என்பிஓபி: வெளியிலிருந்து சான்று நிறுவனம் வந்து பார்ப்பது. தமிழ்நாட்டில் அரசின் அங்ககச் சான்றளிப்புத் துறை கோவையில் இருந்து இதைச் செய்கிறது. இன்னொன்று பிஜிஎஸ்: உள்ளூர் விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை மற்றவர் பார்ப்பது. செலவு குறைவு என்பதால் சிறு விவசாயிகளுக்கு ஏற்றது. பிஜிஎஸ்ஸில் ‘கிரீன்’ என்றிருந்தால் நிலம் ரசாயனத்திலிருந்து இயற்கை முறைக்கு மாறும் காலத்தில் இன்னும் இருக்கிறது. ‘ஆர்கானிக்’ என்றிருந்தால் அந்தக் காலம் முடிந்துவிட்டது. என்பிஓபியில் நெல் போன்ற பயிருக்கு அந்தக் காலம் இரண்டு வருடம், தென்னை, காப்பி போன்றவற்றுக்கு மூன்று. உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் உணவுத் தொழில் நடத்தும் உரிமம் மட்டுமே. அதைக் காட்டி ‘அரசுச் சான்று பெற்ற ஆர்கானிக்’ என்பது கண்கட்டு.

மாப்பிள்ளைச் சம்பாவும் கருப்புக் கவுனியும் நெல் ரகங்கள். ரகம் பழையது என்பதால் யூரியா போடாமல் விளைந்தது என்று ஆகிவிடாது. கடைக்காரர்கள் பலரே இதை நம்பித்தான் விற்கிறார்கள்.

‘நேச்சுரல்’, ‘ப்யூர்’, ‘டிரெடிஷனல்’ போன்ற சொற்களை உணவுப் பாக்கெட்டில் எப்போது போடலாம் என்று 2018 விதிகளில் வரையறை உண்டு. பிராண்டின் பெயரிலேயே அந்தச் சொல் இருந்தால் ‘இது வணிகப் பெயர் மட்டுமே, பொருளின் உண்மைத் தன்மையைக் குறிப்பதல்ல’ என்ற பொருள்படும் வாசகத்தைக் குறைந்தது 3 மில்லிமீட்டர் எழுத்தில் போட வேண்டும். அடுத்த தடவை பாக்கெட்டின் மடிப்புக்குள் தேடிப் பாருங்கள்.

சோப்பில் ‘விலங்குகள் மீது சோதிக்கப்படவில்லை’ என்று முயல் படம் போட்டிருக்கும். அழகுசாதனப் பொருட்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014-லேயே தடை செய்துவிட்டது. சட்டம் கட்டாயப்படுத்தியதைத் தன் கருணை போலச் சொல்லிக்கொள்வது விளம்பரத்தில் பழைய வழக்கம். முயலுக்குப் பின்னால் ஒரு சர்வதேச அமைப்பின் பெயர் இருந்தால் மட்டும் கொஞ்சம் மதிக்கலாம், வெளிநாட்டுச் சப்ளையர்களையும் அது கணக்கில் எடுக்கும். பச்சைப் புள்ளி சைவம் என்று சொல்லும், பால் அதில் அடங்கும். பாலும் வேண்டாம் என்பவர்களுக்கு 2022-இல் தனி வீகன் முத்திரை வந்திருக்கிறது.

பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் உள்ள முக்கோண அம்புக்குள் 1 முதல் 7 வரை எண் இருக்கும். அது பிளாஸ்டிக்கின் வகை. மறுசுழற்சி செய்யப்பட்டது என்றோ உங்கள் ஊரில் செய்வார்கள் என்றோ பொருள் இல்லை. ‘கம்போஸ்டபிள்’ கவர் தொழில்முறை உரக்கிடங்கின் சூட்டில் மட்கும். கொல்லையில் புதைத்தால் பல மாதம் அப்படியே கிடக்கலாம்.

கைத்தறிப் புடவை வாங்குகிறவர்களுக்கு: சில்க் மார்க் பட்டு உண்மையான பட்டு என்பதற்கு மட்டும் சாட்சி. விசைத்தறியில் நெய்த பட்டுக்கும் அது கிடைக்கும், ஜரிகை பற்றி ஒன்றும் சொல்லாது. தறி கைத்தறியா என்பதற்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனி. இரண்டும் ஒரே புடவையில் இருந்தால் நல்லது. நெசவாளர் கூலியைப் பற்றி இரண்டும் பேசாததால், சொசைட்டி மூலம் வாங்குவது எங்கள் கணக்கில் கொஞ்சம் பாதுகாப்பானது. அங்கே கூலி சங்கப் பதிவேட்டில் இருக்கும், கேட்டால் சொல்வார்கள்.

கடையில் நிற்கும்போது

முன்பக்கத்தை விட்டுவிட்டு நேரே பின்பக்கம் திருப்புங்கள். முத்திரையின் பெயர், சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயர், லைசென்ஸ் எண் மூன்றும் இருக்க வேண்டும். காட்ஸ் துணியில் இவற்றோடு எந்தத் தரம், 95-ஆ 70-ஆ என்பதும் இருக்கும். எண் இல்லாத காட்ஸ் படம் வெறும் அச்சு. காட்ஸுக்குப் பொதுத் தரவுத்தளம் உண்டு, ஓகோ-டெக்ஸுக்கு ‘லேபிள் செக்’, ஃபேர்ட்ரேட்டுக்கு அதன் சான்று நிறுவனமான ஃப்ளோசெர்ட்டின் வாடிக்கையாளர் தேடல். தேடும்போது மூன்றைப் பாருங்கள்: நிறுவனத்தின் பெயர் பொருந்துகிறதா, சான்றின் தேதி முடிந்துவிட்டதா, நீங்கள் கையில் வைத்திருக்கும் வகைப் பொருள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா. துண்டுக்குச் சான்று வாங்கிவிட்டு டி-ஷர்ட்டில் முத்திரை போடுவது பெரும்பாலும் மூன்றாவதில்தான் பிடிபடும்.

‘எதிக்கலி சோர்ஸ்டு’, ‘கான்ஷியஸ்’, ‘ஈகோ ஃபிரண்ட்லி’, ‘ரெஸ்பான்சிபிள்’ என்று எண்ணும் பெயரும் இல்லாமல் இருந்தால், அவை கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடலாம். ‘எங்கே தைத்தீர்கள், எந்தச் சான்று, எண் என்ன’ என்ற மூன்றே கேள்வி. உண்மையில் வேலை செய்கிறவர்கள் தொழிற்சாலைப் பட்டியலையே அனுப்பிவிடுவார்கள். ‘நாங்கள் மதிப்புகளுக்கு முக்கியத்துவம் தருகிறோம்’ என்று ஒரு பக்கம் பதில் வந்தால் எண் இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆதாரம் இல்லாமல் இப்படிப்பட்ட சுற்றுச்சூழல் பெருமைகளைப் பேசக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பேட்ச் எண் தெரியும்படி படமெடுத்து வையுங்கள். முத்திரை போலி என்று தோன்றினால் அந்த முத்திரையின் அமைப்புக்கும் அதே படத்தை அனுப்பலாம், அவர்களுக்குத் தங்கள் பெயரைக் காப்பாற்றும் அக்கறை அதிகம் என்பதால் பெரும்பாலும் விசாரிப்பார்கள். புகார் முடியும் வரை பில்லைத் தூக்கிப் போடாதீர்கள். துணியானால் டேக்கையும் வெட்ட வேண்டாம்.